ஏரிக்கரை அடியில் மண்சுவர் ஓட்டு வீடு: ஈரம் ஏறுது, மறுபடி சிமெண்ட் பூசலாமா?

1. பனங்கை_வீடு

இடம் போச்சம்பள்ளி வட்டம். ஏரிக்கரைக்குக் கீழ்ப்பக்கம், அதாவது ஆயக்கட்டுப் பக்கம். கரை அடியிலிருந்து பின்சுவர் 70 அடி. பாட்டன் காலத்து வீடு, பத்து வருஷமா பூட்டிக் கிடக்கு. இனி மாசத்துல ரெண்டு தடவை, பொங்கல், ஊர்ப் பண்டிகைன்னு ஆறு பேர் வந்து தங்கற மாதிரி ஆனா போதும்.

அளவு வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் 32க்கு 20 அடி. கடைக்கால் (அஸ்திவாரம்) கருங்கல், மண்சாந்து. மேல ஒன்றரை அடி மண்சுவர். உள்ளேயும் வெளியேயும் பிற்காலத்துல போட்ட சிமெண்ட் பூச்சு. கூரை சீமை ஓடு, பனங்கை (கூரையைத் தாங்கற சாய்வான பனைமரக் கட்டை, சுருக்கமா கை), வேப்ப ரீப்பர் (கை மேல குறுக்கே அடிக்கற சட்டம்).

குறைகள்: சுவர் முழுக்க மூணு அடி உயரம் வரை ஈரம், உப்பு பூத்து பூச்சு உப்பி விழுது. வடகிழக்கு மூலையில கை ரெண்டு இறங்கியிருக்கு, அங்க ஓடு ஒழுகுது. கறையான் உண்டு. கழிப்பறை இல்லை. வயரிங் மரச்சட்டத்துல ஓடின பழசு.

மேஸ்திரி சொல்றது: பழைய பூச்சைக் கொத்திட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்து மறுபடி சிமெண்ட் பூசினா சரியாப்போயிடும். சரியா?

2. நீத்துச்சுண்ணாம்பு

சரியில்லை. மண்சுவர் கீழேயிருந்து தண்ணியை உறிஞ்சும். முன்னாடி அது பூச்சு வழியா காத்துல போய்க்கிட்டிருந்தது. சிமெண்ட் பூசினதும் அந்த வழி அடைபட்டுது. வெளிய போக முடியாத ஈரம் மேல ஏறும். ஈரம் மூணு அடிக்கு ஏறினது அதனாலதான். உப்பு, பூச்சுக்குப் பின்னாடி படிகமாகி அதைத் தள்ளுது. வாட்டர்ப்ரூஃப் கலந்தா இன்னும் கெட்டியான மூடி. மூணு அடி ஈரம் இன்னும் மேல போகும், உள்ள மண் சேறாகி சுவர் அடியில வயிறு தள்ளும். அந்த நிலை வந்துட்டா பூச்சுப் பேச்சே இல்லை, சுவரையே இறக்கணும்.

முதல் வேலை: உள்ளேயும் வெளியேயும் தரையிலிருந்து நாலு அடி வரை சிமெண்ட் பூச்சைக் கழட்டுங்க. பிரேக்கர் மெஷின் வேணாம், அதிர்ச்சியில மண் உதிரும். சுத்தி, தட்டை உளி, கை வேலை. கழட்டிட்டு குறைஞ்சது ரெண்டு மாசம் சும்மா விடுங்க. அப்புறம் சிமெண்டுக்குப் பதிலா சுண்ணாம்புப் பூச்சு.

3. கோடிமட்டம்

பூச்சைப் பத்தி அப்புறம் பேசலாம். தண்ணி எங்கிருந்து வருதுன்னு அளந்தாச்சா?

ஏரி கோடி போற (நிரம்பி வழியற) மட்டத்துக்கும் உங்க வீட்டுத் தரை மட்டத்துக்கும் என்ன வித்தியாசம்னு முதல்ல எடுங்க. அதுக்கு டோட்டல் ஸ்டேஷன் மாதிரி சர்வே கருவி எல்லாம் வேணாம். 20 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், 10 மில்லிமீட்டர் உள்வாய், தண்ணியில ஒரு சிட்டிகை நீலம். ரெண்டு பேர், நாலு முளைக்குச்சி, ஒரு டேப்.

ஒருத்தர் குழாய் முனையை கோடிக்கல் மேல நிறுத்தி வெச்ச ஸ்கேல்ல பிடிக்கணும், இன்னொருத்தர் 18 மீட்டர் தள்ளி முளை அடிச்சுப் பிடிக்கணும். ரெண்டு முனையும் திறந்திருக்கணும். விரலை எடுக்க மறந்தா வாசிப்பு அரை அடி கூட தப்பும். தண்ணி ஆடி அடங்க ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல குறிங்க. அப்படியே முளைக்கு முளை தாண்டி வீட்டு வாசப்படி வரை வாங்க. குழாய்க்குள்ள ஒரு காத்துக் குமிழி இருந்தாலும் அந்த வாசிப்பு வீண். பாதி வெயில்ல பாதி நிழல்ல கிடந்தாலும் சில மில்லிமீட்டர் பொய் சொல்லும், அதனால காலையில ஏழு மணிக்குள்ள முடிங்க. திரும்பி வாசப்படியிலிருந்து கோடிக்கு வந்து பாருங்க. போக வர வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நம்பலாம்.

கூடவே: சுவர் ஓரமா ஒரு இடத்துல கையால ஒரு குழி தோண்டி கடைக்கால் எவ்வளவு ஆழம்னு பாருங்க. அந்தக் குழியில தண்ணி நிக்குதா, எந்த அடியில நிக்குதுன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு. புல எண்ணுக்கு எஃப்.எம்.பி. வரைபடம் (நில அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (நிலம் பட்டாவா புறம்போக்கான்னு சொல்ற பதிவேடு) ரெண்டையும் இணையத்துல எடுத்து டேப் போட்டுச் சரிபாருங்க. கரை அடி முழுக்க ஏரிப் புறம்போக்கா இருக்கும். 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அந்த எல்லைக்குள்ள கழிப்பறை கட்டினாலும் இடிச்சுடுவாங்க. பணம் இறக்கறதுக்கு முன்னாடி எல்லைக்கல் எங்கன்னு தெரியணும்.

4. சென்ட்ரிங்கம்பி

சுண்ணாம்புக் கோஷ்டி வந்தாச்சு. நடைமுறையா ஒரு கேள்வி: சுண்ணாம்புப் பூச்சு போட ஆள் எங்க? சுவரடியைச் சுத்தி சிமெண்ட் தளம், அதாவது நல்ல பிளிந்த் புரொடக்‌ஷன், சுவரைத் துளைச்சு ஈரம் தடுக்கற மருந்து ஏத்தற கெமிக்கல் டாம்ப் ப்ரூஃப், மேல 1:4 சிமெண்ட் பூச்சு. பதினஞ்சு நாள்ல வேலை முடியும்.

5. நீத்துச்சுண்ணாம்பு

கெமிக்கல் இன்ஜெக்‌ஷன் செங்கல் சுவருக்கு, அதுவும் சீரான சாந்து வரிசைக்கு. ஒன்றரை அடி மண்சுவர்ல துளை போட்டா மண் உதிர்ந்து துளையே மூடிக்கும். மருந்து எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குக் கீழ கருங்கல்லும் மண்சாந்தும், அங்கயும் அதே கதை. இந்த வீட்டுக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆள் விஷயம் நியாயம். மேல்பூச்சை மெருகா இழைக்கத்தான் கைப்பழக்கம் வேணும். கரணை பிடிக்கத் தெரிஞ்ச எந்தக் கொத்தனாரும் ரெண்டு நாள்ல அடிப்பூச்சு பழகிடுவார். அவசரப்படாம இருக்கச் சொல்லிக் கொடுக்கறதுதான் கஷ்டம்.

6. பனங்கை_வீடு

அளந்தாச்சு. போக வர 1.4 சென்டிமீட்டர் வித்தியாசம்.

கோடி மட்டத்தை விட வீட்டுத்தரை 2 அடி 4 அங்குலம் கீழ. முன்பக்கம் தரை வெளிமண்ணை விட ஒன்றேகால் அடி உசரம். பின்பக்கம் ரெண்டே அங்குலம்தான், மண் வந்து சேர்ந்திருக்கு. கடைக்கால் வெளிமண்ணிலிருந்து பின்பக்கம் மூணேகால் அடி ஆழம். குழியில ரெண்டரை அடியில தண்ணி ஊறுது, தெளிவா இருக்கு. ஏரி இப்போ முக்கால் கொள்ளளவு. எல்லைக்கல் கரை அடியிலிருந்து 30 அடி, வீடு பட்டாவுக்குள்ளதான்.

7. கோடிமட்டம்

இப்போ பேசலாம். இது கசிவுத் தண்ணி. ஏரியில தண்ணி இருக்கற வரைக்கும் உங்க கடைக்கால் நனைஞ்சுதான் இருக்கும். பாரூர்ப் பெரிய ஏரி மாதிரி நெடுங்கல் அணைக்கட்டுத் தண்ணி வர்ற தொடர்ல உங்க ஏரியும் இருந்தா, மழை இல்லாத மாசத்துலயும் தண்ணி நிக்கும். ஈரத்தை அடியோட நிறுத்த முடியாது, மண்சுவருக்குக் கீழ, கடைக்கால் கல் மட்டத்துக்கு இறக்கிவிடலாம்.

நல்ல விஷயம், நீங்க கரைக்குக் கீழ்ப்பக்கம். தண்ணியை வடிக்க வயல் பக்கம் சரிவு இருக்கும். ஏரிக்குள்ள, நீர்ப்பிடிப்புப் பக்கம் வீடு இருந்திருந்தா வடிகால் எங்க விட்டாலும் ஏரி நிறையும்போது எதிர்த்து வரும்.

செய்ய வேண்டியது ரெண்டு.

பின்பக்கம் சேர்ந்த மண்ணை ஒரு அடி இறக்குங்க. சுவரிலிருந்து ஆறு அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் மூணு அங்குலம் சரியற மாதிரி. இதுக்குச் செலவே கிடையாது. பாதி ஈரம் இதுலயே இறங்கும், ஏன்னா இப்போ மண்சுவரே மண்ணுக்குள்ள புதைஞ்ச மாதிரி நிக்குது.

ரெண்டாவது, வடிகால் வாய். மூணு பக்கம், பின்சுவரும் ரெண்டு பக்கச் சுவரும். சுவரிலிருந்து மூணு அடி தள்ளி, ஒரு அடி அகலம். மண்ணை இறக்கின பிறகு கடைக்கால் அடி ரெண்டேகால் அடியில இருக்கும். வடிகால் வாயோட அடி அதை விட அரை அடியாவது மேல நிக்கணும். கடைக்காலுக்குக் கீழ தோண்டினா கல்லுக்கு அடியில மண் நழுவி சுவர் இறங்கும். மொத்த நீளம் சுமார் 80 அடி, நூத்துக்கு ஒண்ணு சரிவுன்னா இறக்கம் பத்து அங்குலம் வரும். அதனால ஒரே பக்கமா ஓட்டாம பின்சுவர் நடுவை உச்சியா வெச்சு ரெண்டு பக்கமும் இறக்குங்க, அஞ்சு அஞ்சு அங்குலத்துல முடியும்.

உள்ள ஜியோ துணி விரிச்சு, ரெண்டு அங்குலம் 20 எம்.எம். ஜல்லி, 4 அங்குல பி.வி.சி. குழாய், சுத்தியும் மேலயும் ஜல்லி, துணியை மடிச்சு மூடி, மேல நாலு அங்குலம் மண். குழாய் ஓட்டை கீழ் பார்த்து இருக்கணும். நிறைய பேர் மேல் பார்த்து வைக்கறாங்க, அப்போ குழாய் நிரம்பின பிறகுதான் தண்ணி ஓடும். துணி இல்லாம ஜல்லி மட்டும் போட்டா மூணு மழைக்காலத்துல வண்டல் அடைச்சுடும்.

முக்கியமான எச்சரிக்கை: கரை அடிப் பக்கம் எதையும் தோண்டாதீங்க. கசிவுத் தண்ணிக்குக் குறுக்கு வழி கிடைச்சா மண்ணையும் அரிச்சுக்கிட்டு வரும், கரைக்குள்ள பொந்து விழும். உங்க குழியில ஊறுற தண்ணி தெளிவா இருக்குன்னு சொன்னது நிம்மதி. என்னைக்காவது கலங்கி வந்தா, வீட்டு வேலையை விட்டுட்டு அன்னைக்கே நீர்வளத்துறை பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லணும்.

8. சென்ட்ரிங்கம்பி

மட்டக் கணக்கு பார்த்த பிறகு ஒத்துக்கறேன், இங்க இன்ஜெக்‌ஷன் வேலைக்காகாது. ஆனா தரையில நான் விடமாட்டேன். பழைய தரையைப் பேர்த்து ஆறு அங்குலம் 40 எம்.எம். ஜல்லி, 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், மேல 1:4:8 கான்கிரீட் மூணு அங்குலம். ஷீட் இல்லாம தரை காயாது.

9. நீத்துச்சுண்ணாம்பு

ஷீட் போட்டா தரை காயும், சுவர் நனையும். அறை முழுக்க மூடினா தரை வழியா போன ஈரத்துக்கு மிச்சம் இருக்கற ஒரே வழி சுவர்தான். ஜல்லி மட்டும் போதும், அதுல மண்ணோ மணலோ கலக்கக்கூடாது. கல்லுக்குக் கல் இடைவெளி இருந்தா தண்ணி நுண்துளை வழியா ஏறாது. மேல சுண்ணாம்புக் கான்கிரீட், அதுக்கு மேல தரைக்கல்.

10. கோடிமட்டம்

ரெண்டு பேருக்கும் நடுவுல: ஷீட் போடறதா இருந்தா நாலு சுவர் ஓரமும் ஆறு அங்குலம் விட்டுப் போடுங்க. அந்த ஓரத்துல ஜல்லி மட்டும் நிரப்பி, தரைமட்டத்துல சுண்ணாம்புச் சாந்துல கல் பதிங்க. சுவர் அடி மூச்சு விடும், நடுத்தரை காஞ்சிருக்கும். எதைப் போட்டாலும் வடிகால் முடிஞ்சு ஒரு மழைக்காலம் பார்த்துட்டுத் தரையில கை வைங்க.

தரைக்கு டைல்ஸ் வேணாம். பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் அறுக்கற பட்டறைகள்ல ஓரம் உடைஞ்ச கிரானைட் பலகை கிடைக்கும். மெருகு போடாத பக்கத்தை மேல வெச்சுப் பதிச்சா வழுக்காது.

11. மாலூர்ஓடு

கூரையைப் பத்தி யாரும் பேசலையே. மேல ஒழுகறப்போ கீழ எதைப் பூசினாலும் நிக்காது.

கணக்கு முதல்ல. சுத்திலும் ரெண்டு அடி இறவாரம்னு வெச்சா 36க்கு 24. அடிக்கு ஆறு அங்குலம் ஏற்றம்னா சரிவு நீளம் ஒரு பக்கம் 13 அடி 5 அங்குலம். ரெண்டு பக்கமும் சேர்த்து 966 சதுர அடி, 90 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 15 ஓடு, மொத்தம் 1350. ஒரு ஓடு ரெண்டரை கிலோன்னா கூரை மேல மூணேகால் டன்னுக்கு மேல நிக்குது, மழையில ஊறினா இன்னும் கூடும். இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கழட்டுங்க.

கழட்டும்போது ரெண்டு சரிவையும் சமமா இறக்கணும். முகட்டிலிருந்து இந்தப் பக்கம் நாலு வரிசை, அந்தப் பக்கம் நாலு வரிசை. ஒரு பக்கம் முழுக்க இறக்கிட்டு மறுபக்கம் பாரத்தோட விட்டா முகட்டு வளை சாயும், மண்சுவர் தலை தள்ளும். இறக்கின ஓட்டைப் படுக்க அடுக்காதீங்க, நிக்க வைங்க.

பழைய ஓட்டுல எது தேறும்? காதுகிட்ட வெச்சு விரல் முட்டியால தட்டுங்க. கணீர்னா சரி, பொத்துன்னா கீறல். சந்தேகமா இருந்தா அஞ்சு ஓட்டை எடை போட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டு மறுபடி எடை போடுங்க. ரெண்டரை கிலோ ஓடு அரைக்கிலோவுக்கு மேல குடிச்சா அந்தச் சூளை ஓடு வேணாம். குறைவுக்கு ஓசூர் தாண்டி மாலூர்ல புது ஓடு வாங்கலாம், ஆனா பழைய ஓட்டு அச்சுக்கும் புது அச்சுக்கும் பள்ளம் பொருந்தாது. பழசை ஒரு சரிவுலயும் புதுசை மறு சரிவுலயும் போடுங்க, ஒரே வரிசையில கலக்காதீங்க.

ரீப்பர் இடைவெளியைப் புத்தகத்துல பார்த்துப் போடாதீங்க. பத்து ஓட்டைத் தரையில கோர்த்து, இழுத்து ஒரு அளவு, நெருக்கி ஒரு அளவு எடுங்க. நடு அளவைப் பத்தால வகுத்தா வர்றதுதான் இடைவெளி. பெரும்பாலும் 32 சென்டிமீட்டர் பக்கம் வரும். அந்தக் கணக்குல ஒரு சரிவுக்கு 14 வரிசை, மொத்தம் ஆயிரம் அடி ஓட்டம், கழிவு சேர்த்து 1100 அடி. ரெண்டுக்கு ஒண்ணு சைஸ்னா பதினஞ்சேகால் கன அடி மரம். இறவாரத்துல கடைசி ரீப்பர் மட்டும் முக்கால் அங்குலம் உசரமா இருக்கணும், அங்க அடியில இன்னொரு ஓடு இல்லையே. இதை விட்டா முதல் வரிசை தலைகுனிஞ்சு, காத்து மழையில தண்ணி பின்னாடி ஏறும்.

இறங்கின கைக்கு: சுவருக்குள்ள போற முனையை ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க. அரை அங்குலத்துக்கு மேல சுலபமா இறங்கினா அந்த முனை போச்சு. பனங்கைக்கு வெளிக்கருப்புதான் பலம், உள்ள சோறு. அதனால வேற மரம் மாதிரி சீவி ஒட்டுப்போட்டு போல்ட் அடிச்சா பிளந்துடும். முழுசா மாத்துங்க, இல்லேன்னா பக்கத்துலயே இன்னொரு முழுக்கை சேருங்க. தூக்கறதுக்கு சவுக்கு முட்டும் ஸ்க்ரூ ஜாக்கியும், அடியில பலகை. ஒரு நாளைக்குக் கால் அங்குலத்துக்கு மேல தூக்காதீங்க.

கை உக்கார்ற இடத்துல சிமெண்ட் வெச்சுப் பூசிடறதுதான் வழக்கமான தப்பு. ஈரம் அங்கயே நின்னு முனை மக்கும். ரெண்டு அங்குலக் கருங்கல் பலகை ஒண்ணு போட்டு அது மேல உக்காரட்டும், ரெண்டு பக்கமும் அரை அங்குலம் காத்து போகட்டும். பாரமும் மண்சுவர்ல ஒரே புள்ளியில குத்தாது.

12. பனங்கை_வீடு

பனங்கை இப்போ கிடைக்கறது கஷ்டம். ஜி.ஐ. பாக்ஸ் பைப் போட்டுடலாமான்னு வீட்டுல கேக்கறாங்க.

13. மாலூர்ஓடு

போடலாம். ஆனா பாதி பனங்கை பாதி இரும்புன்னு கலந்து போடாதீங்க. மரம் வளைஞ்சு கொடுக்கும், இரும்பு கொடுக்காது, நடுவுல ஓடு அலை அலையா நிக்கும். இரும்புன்னா முழுக்க இரும்பு. வெல்டிங் வெச்ச இடத்துல ஜிங்க் கருகிப்போகும், அங்க ஜிங்க் பிரைமர் ரெண்டு கை அடிக்கலேன்னா துரு அங்கதான் ஆரம்பிக்கும். பைப் முனை ரெண்டையும் மூடுங்க, இல்லேன்னா குளவி கூடு கட்டும். மரமே வேணும்னா வேம்பு ரீப்பருக்குப் போதும், கைக்குக் கருமருது தேடுங்க.

முகட்டு ஓடு 36 அடிக்கு 30 வரும், 34 வாங்குங்க. பதிக்கற சாந்து 1:6-க்கு மேல கெட்டியா வேணாம், கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்க. 1:3 போட்டா பங்குனி வெயில்ல வெடிக்கும், ஐப்பசியில ஒழுகும்.

குரங்கு வர்ற இடம்னா ஒவ்வொரு மூணாவது வரிசையையும் ரீப்பரோட பைண்டிங் கம்பியால கட்டுங்க. ஜி.ஐ. கம்பியா இருக்கட்டும், சாதாக் கம்பி ரெண்டு வருஷத்துல அறுந்துடும்.

14. ஆயக்கட்டு

கறையானுக்கு யாராவது குளோர்பைரிபாஸ்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. 20 சதவீத மருந்து ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணி, சுவர் ஓரமா ஒரு அடிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர். வழக்கமான கணக்கு இதுதான். ஆனா மூணு அடி தள்ளி இப்பத்தான் வடிகால் வாய் போடச் சொல்லியிருக்கீங்க. அந்த மருந்து நேரா குழாய்ல இறங்கி வாய்க்காலுக்குப் போகும். மீனுக்கு அது கொடிய விஷம், கீழ ஆடு மாடு தண்ணி குடிக்குது. வடிகாலும் மண் மருந்தும் ஒரே வீட்டுக்கு ஆகாது.

இந்த வீட்டுக்கு மரத்துக்கு மட்டும் மருந்து. வெந்நீர் 10 லிட்டர், வெங்காரம் 600 கிராம், போரிக் ஆசிட் 400 கிராம். ரெண்டையும் தனித்தனியா கரைக்கறதை விடச் சேர்த்துப் போட்டா நல்லா கரையும். காஞ்ச மரத்துல தூரிகையால மூணு கை, ஒரு கை காயறதுக்குள்ள அடுத்த கை. அறுத்த முனைகளை மருந்துலயே பத்து நிமிஷம் ஊற வைங்க, கறையான் அங்கதான் நுழையும். மழை படற மரத்துக்கு இது நிக்காது, கரைஞ்சு போயிடும். கூரைக்குள்ள இருக்கற மரத்துக்குப் பல வருஷம் தாங்கும். கையுறை போடுங்க, குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

கறையான் மண்குழாய் சுவர்ல ஏறுதான்னு வர்ற ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. குழாயை உடைச்சு விட்டு மறுமுறை வந்தப்போ மூடியிருந்தா இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஈரம் இறங்கினா பாதி தானாப் போயிடும்.

15. பனங்கை_வீடு

சுண்ணாம்புக்கு அளவு சொல்லுங்க. நாலு அடி உயரம், உள்ளேயும் வெளியேயும்.

16. நீத்துச்சுண்ணாம்பு

சுத்தளவு 104 அடி, நாலு அடி உயரம், ரெண்டு பக்கம்: சுமார் 800 சதுர அடி. 15 மில்லிமீட்டர் கனம், மண்சுவர் மேடு பள்ளத்துக்கு இருபது சதவீதம் கூட்டினா 1.35 கன மீட்டர் சாந்து.

ஈரச் சுவர்னால வெறும் சுண்ணாம்பும் மணலும் போதாது, காத்துல காஞ்சு இறுக நேரம் கிடைக்காது. சுர்க்கி (செங்கல் தூள்) சேருங்க. சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, மணல் 2. ஈரத்துலயே இறுகும். மணல் 32 கன அடி, சுர்க்கி 16 கன அடி, நீத்த சுண்ணாம்பு விழுது 450 லிட்டர். அதுக்குச் சுட்ட சுண்ணாம்புக்கல் சுமார் 200 கிலோ. சுர்க்கிக்கு நல்லா வெந்த செங்கல் வேணாம், அரைவேக்காட்டுச் செங்கல் தூள்தான் சுண்ணாம்போட சேரும். மணல்னா பூச்சு மணல், ஆனா கையில தேச்சா மாவு ஒட்டற எம்.சாண்ட் வேணாம். அந்தத் தூள்தான் பின்னால நூல் நூலா விரிசல் விடும்.

நீத்தற முறை: தொட்டியில முதல்ல தண்ணி, அப்புறம் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா. கல் மேல தண்ணி ஊத்தினா வெடிச்சுத் தெறிக்கும், கண்ணு போயிடும். கண்ணாடி கட்டாயம். கொதிச்சு அடங்கினதும் கிளறி, கொசுவலைக் கண் சல்லடையில வடிச்சு, மேல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கற மாதிரி மூடி வைங்க. குறைஞ்சது பதினஞ்சு நாள். ரெண்டு மாசம் வெச்சா வெண்ணெய் மாதிரி இருக்கும். அவசரத்துல எடுத்தா உள்ள நீறாத கல் துணுக்கு பூச்சுல பிற்பாடு பூத்து, பொட்டுப் பொட்டா பிச்சுக்கிட்டு விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைக் கலக்கறது பழைய முறை, மேல்பூச்சுக்கு நல்லது. அடிப்பூச்சுக்கு அது இல்லாமலும் நடக்கும்.

பூசறதுக்கு முன்னாடி உப்பைக் காஞ்ச தூரிகையால தட்டி முறத்துல வாரி வெளிய கொட்டுங்க. தண்ணி விட்டுக் கழுவினா உப்பு மறுபடி உள்ள போகும். சுவரை லேசா நனைச்சு, ஒரு சென்டிமீட்டர் முதல் கை, கீறி விட்டு ஒரு வாரம், அப்புறம் ரெண்டாவது கை. பத்து நாள் தினமும் மூணு தடவை தெளிக்கணும், மேற்குச் சுவருக்கு ஈரச் சாக்குத் தொங்க விடணும். மார்கழி, தை குளிர்ல செஞ்சா பாதி வேலை பனியே பார்த்துக்கும். மேல பெயிண்ட் அடிச்சா இவ்வளவும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான்.

முதல் ரெண்டு வருஷம் அடியில உப்பு பூக்கும். பூக்கட்டும். பூச்சு உப்பை வாங்கிக்கிட்டு உதிரும், சுவர் பிழைக்கும். அஞ்சாறு வருஷத்துல அந்த ஒன்றரை அடியை மட்டும் மறுபடி பூசிக்கலாம்.

17. சென்ட்ரிங்கம்பி

கழிப்பறை என்னோடது, இதுல சண்டை வேணாம்.

ரெண்டரை அடியில தண்ணி ஊறுற இடத்துல உறிஞ்சு குழி வெட்டினா அது கிணறு. மலம் நேரா நிலத்தடி நீர்ல. ஓட்டை இல்லாத செப்டிக் டேங்க் கட்டுங்க, பத்து பேர் கணக்கு: உள்ளளவு 2 மீட்டர் நீளம், 0.9 அகலம், தண்ணி ஆழம் 1.4, மேல ஒரு அடி காலி. ரெண்டு அறை. டேங்க்கை முழுக்கப் புதைக்காம பாதி மேல நிக்கற மாதிரி கட்டி, கழிப்பறைத் தரையை மூணு அடி தூக்குங்க. கட்டி முடிச்ச அன்னைக்கே தண்ணி நிரப்பணும். காலி டேங்க்கை நிலத்தடி நீர் படகு மாதிரி தூக்கிடும், குழாய் இணைப்பு எல்லாம் முறியும்.

வெளிய வர்ற தண்ணிக்கு மேட்டுப் பாத்தி. ரெண்டரை அடி உசர மண், அடியில ஒரு அடி ஜல்லி, அதுல ஓட்டைக் குழாய், மேல கல்வாழை, வாழை. ஆளுக்கு 2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு 130 சதுர அடி. குடிக்கற தண்ணிக் கிணறு 18 மீட்டருக்கு அப்பால் இருக்கணும். பாத்தி வடிகால் வாய்க்கு எதிர்ப்பக்கம், முன்பக்கமா இருக்கட்டும்.

வயரிங்: மண்சுவரைக் கொத்தி பைப் புதைக்காதீங்க, மேலயே பி.வி.சி. கேசிங். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி. மீட்டருக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தா உடனே துண்டிக்கற சுவிட்ச்) கட்டாயம், ஈரச் சுவர் வீட்டுல உயிரைக் காப்பாத்தறது அதுதான். பழைய வயரை வெச்சுக்கிட்டு ஆர்.சி.சி.பி. மட்டும் போட்டா நாள் முழுக்க ட்ரிப் ஆகும், அப்புறம் யாராவது அதைக் கழட்டி நேரா இணைச்சுடுவாங்க. எர்த் பைப் பத்து அடி.

18. ஆயக்கட்டு

குடிக்கற தண்ணியை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல ஃபுளோரைடு பார்க்காம குடிக்காதீங்க. கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் இது பழைய தொல்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்குத்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். காய்ச்சினா குறையாது, தண்ணி சுண்டினா கூடத்தான் செய்யும். ஓட்டுக்கூரை மழைத்தண்ணி நல்ல வழி: கீழ்ப்பரப்பு 80 சதுர மீட்டர், நூறு மில்லிமீட்டர் மழைக்கு ஆறாயிரம் லிட்டருக்கு மேல தேறும். முதல் மழையை வெளிய விடுங்க, குரங்கும் புறாவும் மேலதான் குடியிருக்கு.

19. பனங்கை_வீடு

அப்போ வரிசை இப்படி வெச்சிருக்கேன்: இப்பவே பின்மண் இறக்கம், பூச்சு கழட்டல், சுண்ணாம்பு நீத்திப் போடறது. தை, மாசியில கூரை. சித்திரையில வடிகால் வாய், கழிப்பறை. ஒரு மழைக்காலம் பார்த்துட்டு அடுத்த மார்கழியில பூச்சு, அப்புறம் தரை. சரியா?

20. கோடிமட்டம்

வடிகாலைச் சித்திரைக்குத் தள்ளினது சரி, ஏரித் தண்ணி இறங்கியிருக்கும், வாய்க்குள்ள நின்னு வேலை செய்யலாம். ஆனா வடிகாலும் டேங்க்கும் ஒரே நேரத்துல தோண்டாதீங்க. ஒண்ணை மூடிட்டு இன்னொண்ணு. சுவரோரம் ஒரே நாள்ல பத்து அடிக்கு மேல திறந்து வைக்காதீங்க.

21. மாலூர்ஓடு

கூரையை மாசிக்குள்ள முடிங்க. சித்திரையில கோடை மழை காத்தோட வரும், சில நேரம் ஆலங்கட்டி. பாதி ஓடு இறக்கின கூரை அதுக்குத் தாங்காது. ரெண்டு பெரிய தார்ப்பாய், 30க்கு 40 அடி, வேலை ஆரம்பிக்கற அன்னைக்கே இடத்துல இருக்கணும். நனைஞ்ச மண்சுவர் தலையில கை உக்கார வைக்க முடியாது.

22. பனங்கை_வீடு

தார்ப்பாய் ஞாயித்துக்கிழமை சந்தையில பார்க்கறேன். பூச்சு கழட்ட நாளைக்கு ஆள் வர்றாங்க, பிரேக்கர் மெஷின் வேணாம்னு சொல்லியாச்சு.